பயிற்சியை வார்டுக்குள் வைப்பது எப்படி: நர்ஸ் பயிற்சியில் நட்ஜ்

மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதற்கு முன் பல வருஷம் வார்டில் இருந்தவள், அதனால் பயிற்சி வகுப்பை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டுவார்கள்: தொற்றுக் கட்டுப்பாடு, மதியம் 2.30, நான்காவது மாடி செமினார் ஹால், அனைவரும் கட்டாயம் வரவும். காலை ஏழரையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர்களுக்கு ஏசி ஹாலில் உட்கார்ந்தவுடன் கண் சொக்கும். நைட் டூட்டி முடித்துத் தூங்கப் போனவர்களை ஹாஸ்டலிலிருந்து எழுப்பிக் கூட்டி வருவார்கள். அறுபது ஸ்லைடு ஓடும். கடைசியில் ரெஜிஸ்டரில் கையெழுத்து. ஆடிட்டுக்கு ஃபைல் ரெடி. மறுநாள் வார்டில் கை என்னவோ பழைய வழியிலேயே போகும்.

ஸ்லைடை எப்படி அழகாக்குவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது வேறு விஷயம். கற்றுக்கொள்ள வேண்டிய ஆளுக்கும் அவர் செய்து பழக வேண்டிய வேலைக்கும் நடுவே என்னென்ன கிடக்கிறது, அதை எப்படி எடுத்து அந்தப் பக்கம் வைப்பது என்பதைத்தான். பயிற்சியில் நட்ஜ் என்றால் பாதிக்கு மேல் அந்த வேலைதான்.

நட்ஜ் எது, எது இல்லை

பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தாலர், சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீன் இருவரும் 2008இல் இதைப் பெரிய அளவில் பேச வைத்தார்கள். தாலருக்கு 2017இல் பொருளாதார நோபல் கிடைத்தது. எதையும் தடுக்காமல், பணம் கொடுப்பேன் என்றோ பிடிப்பேன் என்றோ சொல்லாமல், ஒருவர் முடிவெடுக்கிற இடத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி வைப்பது நட்ஜ். வேண்டாம் என்று நினைப்பவர் சிரமமில்லாமல் ஒதுங்கிப் போகவும் முடிய வேண்டும். நம் நாட்டில் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை இதற்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கியது.

வார்டு மொழியில் சொன்னால், வகுப்புக்கு வந்தால் 200 ரூபாய் என்பது நட்ஜ் இல்லை. வராவிட்டால் மெமோ என்பதும் இல்லை. டூட்டி ரோஸ்டர் போடும்போதே உங்கள் பெயருக்கு நேரே வியாழன் காலை ஐந்து நிமிஷப் பயிற்சி என்று எழுதி வைத்து, ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று விடுவது நட்ஜ். "விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கவும்" என்று எழுதி ஒட்டினால் வருகிறவர்கள் எப்போதும் வருகிற அதே நாலு பேர்தான். பெயரை முன்கூட்டியே எழுதி வைத்தால் மிச்சம் இருப்பவர்களும் வருவார்கள், ஏனென்றால் மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் அப்போது கூடுதல் வேலை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தப்பு நடக்கவே முடியாதபடி செய்ய வழி இருந்தால் அதைச் செய்யுங்கள், பயிற்சியும் வேண்டாம் நட்ஜும் வேண்டாம். நம் ஊரில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டையும் ஒரே டிரேயில் போட்டு வைத்துக்கொண்டு "கவனமாக இருங்கள்" என்று வகுப்பு எடுப்பதில் அர்த்தமில்லை. 40 யூனிட் குப்பி மட்டும் இருக்கிற வார்டில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு எதற்கு? ஸ்டோருக்குத் திருப்பி அனுப்புங்கள். பேனா இன்சுலின் பயன்படுத்தும் வார்டு என்றால் கதை வேறு, அங்கே என்னென்ன வருகிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

முதலில் ஒரு கைவேலை

"நோயாளி பாதுகாப்பு" என்பதை யாராலும் நட்ஜ் பண்ண முடியாது. அது ஒரு தலைப்பு. வீடியோ எடுத்தால் படத்தில் தெரிகிற ஒரு செயலாக அதை இறக்கிக்கொள்ளுங்கள். யார், எந்த இடத்தில், எதற்குச் சற்று முன், என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் தலைப்பு இன்னும் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம்.

மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் பெயரையும் ஐடி எண்ணையும் கைப்பட்டையில் பார்ப்பது ஒரு செயல் (பெட் நம்பர் அடையாளம் ஆகாது, கட்டில் மாறும்). டாக்டர் போனில் சொன்ன ஆர்டரை எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி, அவர் வாயால் சரி என்று வாங்குவது ஒரு செயல். பிறந்து அழாமல் கிடக்கும் குழந்தைக்கு முதல் நிமிஷத்துக்குள் ஆம்பு பேக்கில் (கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் பை) மூச்சு கொடுக்க ஆரம்பிப்பது ஒரு செயல்.

ஒரு வார்டில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். மேனேஜ்மென்ட் ஆறு கேட்கும். சரி என்று சொல்லிவிட்டு ஒன்றை ஆரம்பியுங்கள்.

அப்புறம் போய் நில்லுங்கள்

செயல் முடிவானதும் வார்டுக்குப் போய், கிளிப்போர்டு இல்லாமல், ஒரு ஓரமாக நின்று பாருங்கள். காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் போகாதீர்கள், அப்போது எல்லாரும் நடிப்பார்கள். இரவு எட்டு மணி மருந்து நேரம் நல்லது. கை எங்கே போகிறது, எதை எடுக்க எத்தனை அடி நடக்கிறார்கள், எந்த இடத்தில் யார் கூப்பிட்டு வேலை அறுந்து போகிறது என்று பாருங்கள்.

இப்படி நின்று பார்த்தால், தெரியாததால் செய்யாமல் விடுகிறவர்கள் குறைவு என்பது புரியும். ஹேண்ட் ரப் பாட்டில் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் இருக்கும், அதற்கும் நர்ஸுக்கும் நடுவில் நோயாளியோடு தங்கும் அட்டெண்டரின் நாற்காலி, சோற்றுப் பை, பிளாஸ்க். கால்மாட்டுக் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டால் நாற்காலியோடு சண்டை இல்லை. கை கழுவுவது பற்றிய இன்னொரு வகுப்பை விட அந்தக் கம்பி அதிகம் வேலை செய்யும்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஐசியு. சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய்) போடும் டாக்டர்கள், அதற்குத் தேவையான சாமான்களை எட்டு இடங்களிலிருந்து சேகரிக்க வேண்டியிருந்தது. பீட்டர் ப்ரோனோவோஸ்டின் குழு எல்லாவற்றையும் ஒரே வண்டியில் வைத்தது. கூடவே ஐந்து வரிச் செக்லிஸ்ட். ஒரு படி விட்டுப்போனால் நிறுத்தச் சொல்லும் உரிமையையும் நர்ஸுக்குக் கொடுத்தார்கள். எல்லாரும் செக்லிஸ்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த வண்டிதான் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது உங்கள் பயிற்சிச் சாமான்களை இதே கண்ணோடு பாருங்கள். உயிர்காப்புப் பயிற்சிக்கான பொம்மை எங்கே இருக்கிறது? பெரும்பாலான இடங்களில் ஸ்கில் லேப் அலமாரியில், பூட்டி. சாவி ஒருவரிடம். எடுக்க ரெஜிஸ்டரில் கையெழுத்து, இன்சார்ஜ் அனுமதி. பொம்மை விலை அதிகம் என்பதால் இந்தக் காவல். இரவு இரண்டு மணிக்கு வார்டு அமைதியாக இருக்கிறது, கொஞ்சம் பழகிப் பார்க்கலாம் என்று ஒரு பெண்ணுக்குத் தோன்றினால் அவளுக்கு வழியே இல்லை. நல்ல காரியத்துக்குக் குறுக்கே கிடக்கும் இந்த மாதிரித் தொல்லைகளைத் தாலர் ஸ்லட்ஜ் என்கிறார். புதிதாக எதையும் சேர்க்கும் முன் இதை அள்ளி வெளியே போடுங்கள்.

ஹேடோம் கற்றுக்கொடுத்த பாடம்

தான்சானியாவில் ஹேடோம் லூத்தரன் மருத்துவமனை என்று கிராமப்புறத்தில் ஒன்று இருக்கிறது. பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைகளைக் காப்பாற்றும் ஒரு நாள் பயிற்சியை 2010இல் அங்கே கொடுத்தார்கள். பல மாதம் கழித்துச் சோதித்தபோது பொம்மையிடம் எல்லாரும் நன்றாகச் செய்தார்கள். ஆனால் பிரசவ அறையில் உண்மையான குழந்தைகளிடம் செய்வது மாறியிருக்கவில்லை. பயிற்சி கொடுக்கிற யாரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் போஸ்ட் டெஸ்ட் மார்க் எல்லாம் பொம்மையிடம் வாங்கிய மார்க்தான்.

அப்புறம் அவர்கள் செய்தது எளிமையானது. பொம்மையைப் பிரசவ வார்டுக்கே கொண்டுவந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம் பழகுவது, மாதம் ஒருமுறை நாற்பது நிமிஷம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1 என்றிருந்தது 7.2 ஆனது. முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு அது, வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். இருந்தாலும் பாடத்திட்டம் மாறவில்லை, பொம்மை இருந்த இடமும் பழகிய இடைவெளியும் மாறின என்பது போதுமான சேதி.

இதை நம் ஊர் லேபர் வார்டில் வைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

இடம். வார்மருக்கு (பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் மேடை) பக்கத்தில், நின்றபடி எட்டும் உயரத்தில். அலமாரிக்குள் வேண்டாம், கண்ணில் பட வேண்டும். ஹேடோமில் பயன்படுத்திய வகைப் பொம்மையில் இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பினால் குழந்தையின் கனமும் தளர்ச்சியும் வரும். காலியாக வைத்துப் பழகினால் கழுத்தைச் சரியான கோணத்தில் வைப்பது கைக்கு வராது.

நேரம். "ஃப்ரீ டைமில் பழகவும்" என்று எழுதாதீர்கள், அப்படி ஒரு நேரம் எந்த வார்டிலும் கிடையாது. ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள். ஹேண்ட்ஓவருக்கு (ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது) வந்து நிற்கும் ஆள், ஹேண்ட்ஓவர் தொடங்கும் முன் ஒரு நிமிஷம் மூச்சு கொடுத்துக் காட்டுவது. முடிந்த பிறகு என்று வைத்தால் நடக்காது. முடிந்ததும் ஒருத்தி வீட்டுக்கு ஓடுவாள், இன்னொருத்தி மருந்துக்கு ஓடுவாள்.

யார் பார்ப்பது. சற்று முன் செய்தவர் அடுத்தவரைப் பார்க்கட்டும். நானோ இன்சார்ஜோ பார்த்தால் அது பரீட்சையாகிவிடும். பார்ப்பவர் கையில் மூன்றே வரி: மாஸ்க் தாடை, வாய், மூக்கு மூன்றையும் மூடுகிறதா, நெஞ்சு எழும்புகிறதா, நிமிஷத்துக்கு 40 என்ற வேகம் வருகிறதா. மார்க் போடாதீர்கள். தேதிக்கு நேரே ஒரு டிக் போதும்.

பாதுகாப்பு. இதில் விளையாடக் கூடாது. பயிற்சி ஆம்பு பேக்கும் மாஸ்க்கும் எமர்ஜென்சி டிரேக்குள் போய்விட்டால் விபரீதம். சிவப்பு டேப் சுற்றி "பயிற்சிக்கு மட்டும்" என்று எழுதி, பொம்மையோடு ஒரு கயிற்றில் கட்டிவிடுங்கள். காலாவதியான மருந்துக் குப்பிகளைப் பயிற்சிக்கென்று வார்டில் வைக்கவே வேண்டாம். யார் கைக்கு எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

சிபிஆருக்கும் (இதயம் நின்றுபோனால் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றுவது) இதே வழி. அமெரிக்க இதய சங்கத்தின் சான்றிதழ் இரண்டு வருஷம் செல்லும். கையிலிருக்கும் திறமை அதில் கால்வாசி காலம்கூடத் தாங்குவதில்லை. அதனால் அந்தச் சங்கமே காலாண்டுக்கு ஒருமுறை வார்டிலேயே சில நிமிஷம் அழுத்திப் பழகும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரை, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். முழங்கால் போட்டுத் தரையில் செய்து பழகியவர்களுக்குக் கட்டில் மேல் அந்த ஆழம் வராது. பொம்மையைக் கட்டில் மேல் வைத்துப் பழகினால்தான் ஸ்டூல் எங்கே என்று தேட வேண்டியிருப்பது தெரியவரும்.

படிக்க வைக்காதீர்கள், கேளுங்கள்

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் செய்த ஒரு சோதனை. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் முன்னால்: படித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. வகுப்பு முடிந்த கையோடு வைக்கிற டெஸ்டில் எல்லாரும் பாஸ் ஆவது ஏன் என்று இதிலிருந்து தெரியும்.

ஆகவே சர்க்குலர் அனுப்பிப் படிக்கச் சொல்வதற்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கை போகிற இடத்தில் வையுங்கள். இன்சுலின் டிரேயில் ஒரு சின்ன அட்டை: "40 யூனிட் குப்பி, 100 யூனிட் சிரிஞ்சு. 20 கோடு வரை இழுத்தால் உண்மையில் எத்தனை யூனிட்?" திருப்பினால் விடை: 8. ஏன் என்று ஒரு வரி. வாரம் ஒரு அட்டை. பழைய அட்டை சில வாரம் கழித்துத் திரும்பி வர வேண்டும், அப்போதுதான் மறந்திருப்பார்கள், மறந்த பிறகு யோசித்து எடுப்பதுதான் தங்கும். மருந்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது அட்டை படிக்க வேண்டாம் என்பதால், டிரேயை எடுக்கும் பக்கம் வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் கேள்வி போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் சீனியர் இருக்கும் குழுவில் ஜூனியர் வாய் திறக்க மாட்டாள். முதலில் வரும் பதிலை அப்படியே பத்துப் பேர் திருப்பிப் போடுவார்கள். கட்டாயம் போட வேண்டுமென்றால், யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியாத படிவத்தில் போடுங்கள். இரவு நேரத்தில் போடாதீர்கள். டூட்டி இல்லாதவர் போனில் மணி அடிக்கிற எதுவும் நாளடைவில் மியூட்டுக்குப் போகும், அதோடு உங்கள் முக்கியமான அறிவிப்பும் போகும்.

"டவுட் இருக்கா?"

கற்றுக்கொள்வதற்கு வார்டில் பெரிய தடை கேட்கப் பயம். ஹேண்ட்ஓவர் முடிவில் இன்சார்ஜ் கேட்பார், "ஏதாவது டவுட் இருக்கா?" "இல்ல சிஸ்டர்." எல்லா வார்டிலும் இதே உரையாடல். அந்தக் கேள்வியின் அமைப்பே "இல்லை" என்பதைச் சுலபமாகவும் "இருக்கு" என்பதை அவமானமாகவும் வைக்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண், எதிரே நின்று பையை மாட்டிக்கொண்டிருக்கும் அக்காவைப் பிடித்து நிறுத்தி, எனக்குப் புரியவில்லை என்று சொல்லவேண்டும். சொல்ல மாட்டாள். யூகம் பண்ணிக்கொண்டு போவாள்.

கேள்வியை மாற்றச் சொல்லுங்கள். "இந்த பேஷண்ட்ல ரெண்டு விஷயம் என்கிட்ட கேளு, அப்புறம் போறேன்." இப்போது கேட்பதுதான் வழக்கம், கேட்காமல் நிற்பதுதான் விநோதம். எஸ்பார் (SBAR, ஹேண்ட்ஓவர் தகவலை வரிசையாக எழுதும் முறை) படிவம் வைத்திருக்கும் மருத்துவமனை என்றால் அதன் அடியில் "வாங்கியவர் கேட்ட கேள்வி" என்று இரண்டு வெற்றுக்கோடு சேர்த்துவிடுங்கள். வெற்றுக்கோடு இருந்தால் நர்ஸ் கை நிரப்பாமல் விடாது, எங்களை வளர்த்த விதம் அப்படி. ஆரம்பத்தில் "சாப்பிட்டாரா?" போன்ற கேள்விகளே வரும். வரட்டும். கேட்டுப் பழகுவதுதான் இங்கே பாடம். கேள்வியின் தரம் பின்னால் தானாக ஏறும், சீனியர்கள் முகம் சுளிக்காத வரைக்கும்.

அந்த முகத்துக்கும் ஒரு வழி உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் சில கிளினிக்குகளில், தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் எழுத மாட்டேன் என்று டாக்டரே கையெழுத்திட்ட, அவர் படம் போட்ட கடிதத்தைப் பரிசோதனை அறைச் சுவரில் மாட்டினார்கள். மாட்டாதவர்களோடு ஒப்பிட்டால் தேவையற்ற மருந்துச்சீட்டு கிட்டத்தட்ட 20 சதவீதப் புள்ளி குறைந்ததாக 2014இல் வெளியானது. சொந்தக் கையெழுத்து சுவரில் இருக்கும்போது அதற்கு எதிராக நடக்க மனசு வராது. புதியவர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பிலுள்ள சீனியர்களிடம் "எத்தனை தடவை கேட்டாலும் சொல்லித் தருவேன்" என்ற ஒரு வரிக்குக் கீழே கையெழுத்து வாங்கி நர்ஸிங் ஸ்டேஷனில் ஒட்டலாம். வாசகத்தை அவர்களே எழுதட்டும். நீங்கள் அச்சடித்துக் கொடுத்தால் அது இன்னொரு சர்க்குலர்.

சுவரில் என்ன எழுதுவது

"நமது மருத்துவமனையில் பாதிப் பேர் கை கழுவுவதில்லை!" என்று சிவப்பில் எழுதிய போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். எழுதியவர் நோக்கம் நல்லது. படிப்பவருக்குப் போகும் சேதி: பாதிப் பேர் செய்வதில்லை, நானும் செய்யாவிட்டால் குடி முழுகாது. அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்றில் உளவியலாளர் சியால்டினியின் குழு இதைச் சோதித்தது. நிறையப் பேர் மரத்துண்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள் என்று பலகை வைத்த பாதையில் 7.92 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பாதையில் 1.67.

அதனால், செய்கிறவர்கள் நிறையப் பேர் என்றால் அந்த எண்ணைப் போடுங்கள். குறைவு ஆனால் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால், ஏறுகிறது என்று போடுங்கள். இரண்டும் இல்லையென்றால் எண்ணே போடாதீர்கள். கூட்டிச் சொல்ல மட்டும் வேண்டாம், வார்டில் இருப்பவர்களுக்கு உண்மை உங்களை விட நன்றாகத் தெரியும்.

வாசகத்தில் யாரை முன்னிறுத்துவது என்பதும் முக்கியம். கிராண்ட், ஹாஃப்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் சோப்பு டிஸ்பென்சர் மேல் இரண்டு வாசகங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். கை சுத்தம் உங்களுக்கு நோய் வராமல் தடுக்கும் என்பது ஒன்று, நோயாளிகளுக்கு நோய் வராமல் தடுக்கும் என்பது மற்றொன்று. நோயாளியைச் சொன்ன இடத்தில்தான் சோப்பு அதிகம் செலவானது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நமக்கெல்லாம் ஒன்றும் வராது என்ற தைரியம் இல்லாமல் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை.

எந்தப் போஸ்டரும் சில வாரத்தில் சுவரோடு சுவராகிவிடும். இடம் மாற்றுங்கள், இல்லையேல் கழற்றுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். லேமினேட் செய்தது எதுவும் நம் மருத்துவமனைகளில் கீழே இறங்கியதில்லை.

வகுப்பு எடுத்தே ஆகவேண்டும் என்றால்

எடுங்கள், கடைசி இரண்டு நிமிஷத்தை எனக்குக் கொடுங்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. "முதல் முறை இதை எந்தத் தேதி, எந்த டூட்டியில், எந்த பேஷண்டிடம் செய்வேன்?" மில்க்மன் என்ற ஆய்வாளரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ளூ தடுப்பூசி நினைவூட்டல் கடிதத்தில் தேதியும் நேரமும் எழுதிக்கொள்ள இடம் விட்டதாலேயே ஊசி போட்டவர்கள் 33 சதவீதத்திலிருந்து 37 சதவீதம் ஆனார்கள். அந்தக் கட்டங்களை யாரும் சேகரிக்கவும் இல்லை, சரிபார்க்கவும் இல்லை. நீங்களும் சீட்டை வாங்கி ஃபைலில் போடாதீர்கள். ஐடி கார்டு உறைக்குள் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். வாங்கிவிட்டால் அது உங்களுக்காக எழுதியதாகிவிடும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

மேனேஜ்மென்டிடம் பேசும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். டெல்லாவீனியா, லினோஸ் என்ற ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆய்விதழ்களில் வந்த நட்ஜ் சோதனைகளின் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி, அதாவது நூறு பேரில் கூடுதலாக 8.7 பேர். அமெரிக்காவின் இரண்டு பெரிய நட்ஜ் அமைப்புகள் நிஜத்தில் நடத்திய 126 சோதனைகளின் சராசரி 1.4தான். பெரிதாக வந்ததுதான் அச்சேறும். ஆகவே "இரட்டிப்பாக்கிக் காட்டுகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். செலவு அநேகமாக ஒரு டேப் ரோலும் சில அட்டைகளும், அதற்கு 1.4 கூட மோசமில்லை.

அளப்பதற்கு ஆளை நிறுத்தாதீர்கள். ஆள் நின்றால் எல்லாரும் கழுவுவார்கள். ஹேண்ட் ரப் எத்தனை லிட்டர் செலவானது என்பதை நோயாளி நாட்களால் (தினமும் வார்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டியது) வகுத்துப் பாருங்கள், ஸ்டோர் ரெஜிஸ்டரிலேயே இருக்கும். ஆரம்பிக்கும் முன் உள்ள கணக்கு கையில் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். ஒரு வார்டில் செய்து, அதே மாதிரி இன்னொரு வார்டை அப்படியே விட்டு வைத்து ஒப்பிடுங்கள். ஐஎஸ்ஓ 9001 தரச் சான்று வைத்திருக்கும் இடங்களில் பயிற்சியின் பலனை மதிப்பிட்டாக வேண்டும் என்று அந்தத் தரமே சொல்கிறது. வருகைப் பதிவேட்டை விட இந்தக் கணக்கு ஆடிட்டரிடம் நன்றாக நிற்கும்.

செய்யக் கூடாதவை

ரோஸ்டரில் பெயரை முன்கூட்டிப் போடுவது வலுவான கருவி, அதனாலேயே ஆபத்தானதும். அதை வைத்து வார ஓய்வு நாளில் பயிற்சி போட்டுவிட்டு "மாற்றிக்கொள்ளலாமே" என்று சொல்வது அயோக்கியத்தனம். பயிற்சி டூட்டி நேரத்துக்குள், சம்பளத்தோடு. சோதித்துப் பார்க்க ஒரு வழி: நீங்கள் செய்திருப்பதை ஸ்டாஃப் எல்லாரையும் உட்கார வைத்து, ஏன் இப்படி வைத்தேன் என்று வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? சொல்லத் தயக்கமாக இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பெயர் போட்ட தரவரிசைப் பட்டியல் வேண்டாம். கடைசியில் இருக்கும் பெண்ணின் பெயர் சாயங்காலத்துக்குள் ஹாஸ்டல் மெஸ் வரைக்கும் போய்விடும். அடுத்த மாதம் அவள் கற்றுக்கொண்டு வர மாட்டாள், ராஜினாமாக் கடிதத்தோடு வருவாள்.

ஒருத்திக்கு இருபது நோயாளிகளைக் கொடுத்துவிட்டு நட்ஜ் தேடாதீர்கள். நேரமில்லாததால் விடுபடுவதை எந்த அட்டையும் சரிசெய்யாது. நின்று பார்த்ததில் காரணம் ஆள் பற்றாக்குறை என்று தெரிந்தால், அதை எழுதி மேலே அனுப்புவதுதான் பயிற்சியாளரின் வேலை. அதற்குப் பதில் வராது என்றாலும் அனுப்புங்கள், ஃபைலில் இருக்கும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். வார்டில் வைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் எடுக்கும் தேதியும் வேண்டும். வாரம் ஒன்றாகச் சுற்றி வரும் கேள்வி அட்டைகளை மொத்தமாக மூன்று மாதத்தில் மாற்றலாம். கையெழுத்துக் கடிதத்தை ஆள் மாறும்போது மாற்றலாம். பொம்மை மட்டும் அங்கேயே இருக்கட்டும். அதன் மாஸ்க்கையும் முகத்தையும் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் துடைப்பது யார் என்று ரோஸ்டரிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பத்து நாளில் பிசுபிசுத்து, யாரும் தொடாமல், மறுபடி அலமாரிக்குள் போய்விடும்.